பஹ்லாவில் ஒரு அடியில்லாத பானை

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு நான் மஸ்கட்டின் ரூவி பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, காளிமுத்து எனக்கு முன்பே வந்து நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. பெண் பார்க்கப் புறப்பட்டவன் மாதிரிதான் இருந்தான். ஆனால் இரண்டு கைகளிலும் துணி உறை மாட்டியிருந்தான். ஏப்ரல் மாதத்து ஓமானில் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பவனை எதிரே போன டாக்சிக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

இது 2009-ல் நடந்தது. நான் துபாயில் அல் குசைஸில் குடியிருந்தேன். ஓட்டல் சமையலறைகளுக்குப் பாத்திரம் விற்கும் கம்பெனியில் சேல்ஸ்மேன் வேலை. மாதம் ஒரு முறை பஸ் பிடித்து ஆறு மணி நேரம் உட்கார்ந்து மஸ்கட் வருவேன். ரூவியில் என் சித்தி மகன் ரூமில் தங்குவேன். அந்த ரூமில் இருந்த எட்டுப் பேரில் ஒருவன் காளிமுத்து. மானாமதுரைக்குப் பக்கத்துக் கிராமம், பானை செய்யும் வேளார் குடும்பம், விசாவில் டைல்ஸ் மேஸ்திரி. ஆறு வருடம் சிமெண்ட்டைத் தொட்டதில் கை இரண்டும் வெடித்து, நீர் கோத்து, தோல் உரிந்து கிடந்தன. இனிமேல் சிமெண்ட்டைத் தொட்டால் விரல் மடங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைல்ஸ் போடாத டைல்ஸ் மேஸ்திரியைக் கம்பெனி என்ன செய்யும்? ஊருக்குப் போ என்றது. விசா முடிய இருபத்து மூன்று நாள் இருந்தது. அதற்குள் வேறு கஃபீல், அதாவது விசா தரும் முதலாளி, கிடைத்தால் ரிலீஸ் பேப்பர் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அவன் மகள் சிவகங்கையில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடம் அவன் இங்கே இருந்தாக வேண்டும்.

நடுவில் நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின மாதம் பஹ்லாவில் ஒரு உணவகத்துக்குச் சாமான் விற்கப் போனவன், வேலை சீக்கிரம் முடிந்துவிட, அங்கே குயவர்கள் இருக்கும் பகுதிக்கு நடந்தேன். சாலிம் என்பவர் பட்டறை வைத்திருந்தார். சக்கரத்தில் உட்கார்ந்த ஆள் ஊருக்குப் போய்விட்டான், நல்ல ஆள் வேண்டும் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னிடம் ஒருவன் இருக்கிறான். அவன் கைக்கு ஈடு இந்தியாவிலேயே கிடையாது" என்று அடித்துவிட்டேன். காளிமுத்து பானை செய்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டித்தான் பார்த்திருக்கிறேன்.

ரூவியிலிருந்து விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மணிக்கூண்டு ரவுண்டானா வரை சிறு பஸ்ஸில் ஆளுக்கு முந்நூறு பைசா. அங்கிருந்து நிஸ்வாவுக்குப் பங்கு டாக்சி, ஒன்றரை ரியால், நூற்று நாற்பது கிலோமீட்டர். ஓட்டுநர் பெரியவர். வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியும் அணிந்து, வண்டி ஓட்டுகிற மாதிரியே தெரியாமல் ஓட்டினார். ஃபஞ்சா தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை. ஒரு புல் கூட இல்லாத மலை. அதன் காலடியில் மட்டும் ஒரு கோடு பச்சை, பேரீச்சை. சமாயில், இஸ்கி என்று ஊர்ப்பலகைகள் வந்து போயின.

"எந்த ஊருக்கு?" என்று இந்தியில் கேட்டார் ஓட்டுநர். பஹ்லா என்றேன்.

"பஹ்லாவா? பார்த்துப் போங்கள். அங்கே ஜின்கள் அதிகம். சந்தையில் ஒரு மரம் இருந்தது. ஜின்கள் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்."

நான் தமிழில் சொன்னதும் காளிமுத்து கொஞ்சமும் அசரவில்லை. "நம்ம ஊர்ல புளிய மரத்துல ஆணி அடிச்சு வச்சிருக்காங்கள்லண்ணே, அது மாதிரி. எல்லா ஊர்லயும் மரம் போயிரும்னு பயம்தான் போல" என்றான். அதன் பிறகு நிஸ்வா வரை, உறை மாட்டிய கைகளை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

எட்டரைக்கு நிஸ்வா. மலையாளி கடையில் பரோட்டாவும் சுலைமானி டீயும் இருவருக்கும் சேர்த்து நானூறு பைசா. அடுத்த டாக்சி ஆளுக்கு ஐந்நூறு பைசா, நாற்பது கிலோமீட்டர். ஒன்பதே முக்காலுக்கு பஹ்லாவில் இறங்கினோம். ஊரைச் சுற்றி மண் மதில் மைல் கணக்கில் ஓடுகிறது. நடுவில் குன்றின் மேல் பெரிய மண் கோட்டை. பழுது பார்க்கிறார்கள் என்று சாரம் கட்டி மூடி வைத்திருந்ததால் உள்ளே போக முடியாது. படம் எடுத்துக்கொண்டேன். காளிமுத்து கோட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீழே குனிந்து, வாய்க்கால் ஓரத்து மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு கொஞ்சம் இருக்கு. பரவால்ல, நல்ல மண்ணு" என்றான்.

சாலிமின் பட்டறை சந்தையைத் தாண்டிப் பேரீச்சந்தோப்புக்குள் இருந்தது. ஒரு முற்றம், ஒரு நீளக் கொட்டகை, பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சூளை. முற்றத்தில் அடுக்கி வைத்திருந்த சாமான்களைப் பார்த்தால் அந்த ஊரின் கதை தெரிந்துவிடும். தண்ணீர் குளிர வைத்து உத்தரத்தில் தொங்கவிடும் ஜஹ்லா என்ற ஜாடி, பேரீச்சம்பழம் இட்டு வைக்கும் ஆள் உயரத் தொம்பை, இவையெல்லாம் கொட்டகையின் பின்மூலையில் தூசி படிந்து கிடந்தன. முன்வரிசையில் சாம்பிராணிக் கலயம், விரல் நீளக் கோட்டைகள், மண் ஒட்டகம், பூச்சாடி, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட விளக்குக் கூண்டு. சுவரில் ஒரு சிரித்த முகச் சூரியன் தொங்கியது. மஞ்சளும் நீலமும் பூசிய மண் சூரியன். இது பஹ்லா சாமான் இல்லையே என்றேன்.

"மெக்சிகோ" என்றார் சாலிம். ஐம்பது வயது இருக்கும். இந்தியை நம்மை விட நன்றாகப் பேசினார். "மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் கொடுத்தாள். அவள் கிராமத்திலும் எல்லோரும் குயவர்கள்தானாம். அவள் அம்மா காலத்தில் பயறு வேக வைக்கும் பானை செய்தார்களாம். இப்போது ஊர் முழுக்க சூரியன் செய்கிறார்கள். என் பட்டறையைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறது என்று சிரித்தாள்."

அவர் வருத்தப்பட்டும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பானை செய்கிற இரண்டு ஊர், இரண்டு கடல் தாண்டி, ஒரே மாதிரி பொம்மைக் கடை ஆகிவிட்டனவே என்று பெரிய பெருமூச்சு விட்டேன்.

பத்தேகாலுக்குச் சோதனை தொடங்கியது. காளிமுத்து உறையைக் கழற்றினான். சாலிம் அந்தக் கைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன இது?"

"சிமெண்ட்" என்றேன்.

சாலிம் ஒரு வாளித் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அங்கே இருந்தது மின்சாரச் சக்கரம். கால் வைத்து அமுக்கினால் சுற்றும். காளிமுத்துவுக்குப் பழக்கம் கோல் கொண்டு சுற்றும் பெரிய சக்கரம். "என்னண்ணே, மிக்சி மாதிரி இருக்கு" என்றான். முதல் உருண்டை பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அப்பியது. சாலிம் என்னைப் பார்த்தார். நான் ஒட்டகப் பொம்மையைப் பார்த்தேன். இரண்டாவது தடவை ஒரு பெரிய மண் குவியலைச் சக்கரத்தில் ஏற்றி, இரண்டு கைகளாலும் அணைத்து நிறுத்தினான். பிறகு நடந்ததை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் அந்தக் குவியலின் உச்சியில் வாயும் கழுத்தும் வயிறுமாக ஒரு பானை எழுந்துவிட்டது. கழுத்து அவ்வளவு ஒழுங்கு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடித்துவிட்டது பலித்துவிட்டதே!

பாக்கெட்டிலிருந்து ஒரு நூலை எடுத்து, பானையின் வயிற்றுக்குக் கீழே விட்டு இழுத்து அறுத்தான். இரண்டு கையாலும் தூக்கி ஒரு பலகையில் வைத்தான். சாலிம் குனிந்து அதைத் தூக்கிப் பார்த்தார். பானைக்கு அடி இல்லை. கீழே கையகலத்துக்கு ஓட்டை. அவர் நான்கு விரல்களை அடியிலிருந்து உள்ளே விட்டு, வாய்ப்பக்கமாக என்னை நோக்கி ஆட்டிக் காட்டினார்.

"இதில் தண்ணீர் ஊற்றுவாயா, பாய்?"

மானம் போயிற்று. அறுக்கும்போது மேலே அறுத்துவிட்டான், ஆறு வருடத்தில் கை மறந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். சாலிம் பண்பானவர், திட்டவில்லை. "கலாஸ், முடிந்தது, பரவாயில்லை. வந்தீர்கள், டீ குடித்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லிக்கொண்டே பானையோடு சேற்றுத் தொட்டிப் பக்கம் நடந்தார். வீணான பச்சைப் பானைகளைக் கரைக்கிற தொட்டி அது.

"ஏ பாய்! ருக்கோ! ருக்கோ!" என்று காளிமுத்து கத்தினான். சைட்டில் கிரேன்காரனைப் பார்த்துக் கத்துகிற குரல். சாலிம் நின்றுவிட்டார்.

"அண்ணே, அவர்ட்ட சொல்லுங்கண்ணே. வேல முடியல. எங்க ஊர்ல சக்கரத்துல பாதிதான். அடிப்பக்கம் கனமா விட்டு, தொறந்தாப்லதான் அறுப்போம். வெயில்ல கொஞ்சம் இறுகுனப்புறம் உள்ள கல்லக் குடுத்து வெளிய பலகையால தட்டுவோம். தட்டத் தட்ட மண்ணு நகந்து வந்து தானா மூடிக்கிரும். ஒட்டுப் போடுறதே கெடையாது."

"இதை ஏண்டா முதலிலேயே சொல்லவில்லை?"

"பானைன்னா அப்படித்தானண்ணே செய்வாங்க? இதப் போயி யாராவது சொல்லுவாங்களா?"

உலகத்திலுள்ள குயவர்கள் எல்லோரும் மானாமதுரை வழக்கப்படிதான் செய்வார்கள் என்று நம்பி வந்திருக்கிறான். சாலிமிடம் மொழிபெயர்த்தேன். அவர் நம்பவில்லை. அவர்கள் வழக்கத்தில் சக்கரத்திலேயே அடியோடு சேர்த்துத்தான் எடுப்பார்கள். ஆனாலும் பானையைப் பலகையில் திரும்ப வைத்தார். மதியத் தொழுகை, சாப்பாடு முடிந்து நான்கு மணிக்கு வருவதாகவும், அதற்குள் அடி வந்தால் பேசலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

காளிமுத்து பானையின் வாயில் ஈரத் துணியைச் சுற்றி, அடிப்பக்கம் வெயில் பார்க்க வைத்தான். கல்லுக்குப் பஞ்சமில்லை. ஓடைப்படுகைக்குப் போய் அரை மணி நேரம் பொறுக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் உருண்டைக் கல் ஒன்று கொண்டுவந்தான். பலகைக்குத்தான் திண்டாட்டம். கடைசியில் என் சாம்பிள் பெட்டியைத் திறந்தேன். கைப்பிடி வைத்த சின்னக் காய்கறி வெட்டும் பலகை ஒன்று இருந்தது. ஐரோப்பிய மரம், விலை ஒரு ரியால் எண்ணூறு பைசா. அவன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செஞ்சு குடுத்த மாதிரி இருக்கு" என்றான்.

ஒரு மணிக்கு மலையாளி ஓட்டலில் மீன் சாப்பாடு, ஆளுக்கு எழுநூறு பைசா. அவன் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, பானையைத் திருப்பி வைக்க வேண்டும் என்று எழுந்து ஓடினான். நான் அவனுடைய மீனையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசி அதிகம்.

நான்கு மணிக்குச் சாலிம் வந்தபோது அவர் தம்பிகள் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். காளிமுத்து தரையில் உட்கார்ந்து, பானையை மடியில் கவிழ்த்து, இடது கையைக் கல்லோடு அந்த ஓட்டை வழியே உள்ளே விட்டான். வெளியே என் வெட்டுப்பலகை. டொப், டொப், டொப். தட்டும்போதே பானையைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டு போனான். கனமாக இருந்த விளிம்பு மெலிந்து உள்பக்கம் நகர்ந்தது. கையகல ஓட்டை நான்கு விரலுக்கு வந்தது. கையை உருவிக்கொண்டு வாய்வழியாகக் கல்லை மாற்றிக் கொடுத்தான். ஓட்டை ஒரு ரூபாய் அளவு ஆனது. நெற்றி வியர்வை புருவத்தில் நின்றது, துடைக்கவில்லை. வெடித்த விரல்களில் ஒன்றில் ரத்தம் கசிந்து மண்ணோடு கலந்ததையும் பார்த்தேன். அதன் பிறகு ஓட்டை இல்லை. அது எந்தத் தட்டில் மறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. உருண்டு திரண்ட அடி, ஒரு தழும்பு கூட இல்லை.

"மாஷா அல்லா" என்றார் தம்பிகளில் ஒருவர். சாலிம் பானையை வாங்கி, அடியில் உள்ளங்கையை வைத்து இரண்டு தடவை தடவினார். விரலால் சுண்டிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை.

சாலிம் சூளைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஒரு குவியலைக் காட்டினார். எல்லாம் விரிசல் விட்ட விளக்குக் கூண்டுகள். மஸ்கட்டில் ஒரு ஓட்டலுக்குத் தொங்கும் விளக்கு வேண்டுமாம். பானை செய்து, கத்தியால் அடியை வெட்டி எடுத்தால், வெட்டிய இடத்திலிருந்து சூளையில் விரிசல் ஓடிவிடுகிறது.

"அவனிடம் சொல்லுங்கள்" என்றார். "காலையில் நூலால் அறுத்து எடுத்தானே, அதுதான் எனக்கு வேண்டும். அடி வேண்டாம். உடம்பில் ஓட்டை போட்டால் போதும். ரிலீஸ் பேப்பர் கொண்டு வந்தால் விசா மாற்றிக்கொள்கிறேன். மாதம் நூற்றுப்பத்து ரியால், ரூம் என்னுடையது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கண் முன்னால் ஒரு மனிதன் ரத்தம் கசிய அற்புதம் செய்து காட்டியிருக்கிறான், இவர் பாதியில் நிறுத்து என்கிறாரே! காளிமுத்து பக்கம் திரும்பினேன். "காளி, இந்த ஆளுக்கு உன் அருமை தெரியவில்லை. முழுப் பானை வேண்டாமாம். கரண்டு விளக்குக்கு மூடி செய்ய உன்னைக் கூப்பிடுகிறார். உன் தொழிலுக்கு இது அவமானம். மாட்டேன் என்று சொல்லிவிடலாம்."

அவன் என்னை நேராகப் பார்த்தான். "அண்ணே, அவரு என்ன சொன்னாரோ அத மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். ரிலீஸ், விசா, ரூம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"ஓட்டைய ஈரத்துல போடணுமா, இறுகுன பெறகா? பல்பு எவ்வளவு சூடு வரும்? கழுத்துல கம்பி மாட்டுறதுக்கு எவ்வளவு எடம் விடணும்? கேளுங்கண்ணே" என்றான்.

கேட்டேன். சாலிம் உற்சாகமாகப் பதில் சொன்னார். இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார்கள். பாதிக்கு மேல் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. கையால் காட்டியே புரிந்துகொண்டார்கள். கடைசியில் சாலிம் கை நீட்டினார். காளிமுத்து சேறு பூசிய கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். அவருடைய வேலைக்காரனாகிவிட்டான்.

"உனக்கு வருத்தமாகவே இல்லையா?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"நீங்க விக்கிறது என்னண்ணே? எவர்சில்வரும் நான்-ஸ்டிக்கும்தான? உங்க வீட்ல கடைசியா எப்ப மண்பானை வாங்குனீங்க?" அவன் கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டான். "நீங்களும் வாங்க மாட்டீங்க, அவரும் வாங்க மாட்டாரு. நான் மட்டும் முழுசா செஞ்சு யாருக்குக் குடுக்க?"

துபாய் வீட்டில் தண்ணீருக்குப் பிளாஸ்டிக் கேன், குழம்புக்கு என் கம்பெனி நான்-ஸ்டிக். பரமக்குடியில் அம்மா இருந்தவரை மீன் குழம்புக்கு மட்டும் ஒரு மண்சட்டி இருந்தது. அது உடைந்தபோது வேறு வாங்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காலையில் அந்த மெக்சிகோ சூரியனைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சை நினைத்து வெட்கமாக இருந்தது.

சாலிமிடமிருந்து பானையை வாங்கி மடியில் வைத்து அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதை எனக்குக் கொடு, சுட்டு வாங்கித் துபாய் கொண்டு போகிறேன் என்றேன்.

"வேணாம்ணே. அவசரத்துக்கு வெயில்ல வச்சுத் தட்டுனது. சூளைல வச்சா வெடிச்சு, பக்கத்துல இருக்கதையும் கெடுத்துரும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போய், முட்டியால் ஒரு குத்து விட்டுச் சேற்றுத் தொட்டிக்குள் போட்டான். காலையில் கத்தித் தடுத்த அதே ஆள். பானை கொஞ்சம் மிதந்து, வாய் வழியே தண்ணீர் குடித்து, உள்ளே போனது. அவன் அதற்குள் சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டான். போவதற்கு முன் இரண்டு விளக்கு அறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம், காய்ந்துகொண்டிருக்கும் என்றான்.

ஐந்தரைக்குப் புறப்பட்டோம். சனிக்கிழமை கம்பெனி திறந்ததும் ரிலீஸ் வாங்கிக்கொண்டு வருவதாகப் பேச்சு. சாலிம் எங்களுக்கு ஒரு பை பேரீச்சம்பழம் கொடுத்தார், நான் வெட்டுப்பலகையை அங்கேயே விட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. தட்டுகிற வேலைதான் இனி கிடையாதே. அவர் சமையலறையில் வெங்காயம் வெட்டட்டும்.

நிஸ்வாவில் டாக்சி மாறினோம். ஆள் சேரும்வரை வண்டி நின்றிருந்தபோது காளிமுத்து மகளுக்குப் போன் போட்டான். பின்சீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசினான். காதை மூடிக்கொள்ள எனக்கு வழியில்லை.

"கெடச்சிருச்சு... ஆமா, சனிக்கெழம... பானைதான். தண்ணிப் பானை இல்ல, லைட்டுக்கு மாட்டுறது... அதெல்லாம் இருக்கட்டும், நான் சொல்றதக் கேளு. சிமெண்ட் இல்ல." மறு கையை விரித்துப் பார்த்தான். "ஆமாத்தா. சிமெண்ட்டே கெடையாது. மண்ணுதான். வெறும் மண்ணு."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அழுகுறாண்ணே" என்றான்.